பாலிமர் வேவ்கைடில் ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்குவது: புதிதாக இறங்குபவர்களுக்கு

நம் ஊர்க் கல்லூரி இயற்பியல் துறைகளில் என்.எல்.ஓ. (நேரியல் அல்லாத ஒளியியல்) என்றால் பெரும்பாலும் பீக்கரில் படிகம் வளர்ப்பதுதான். கரைசலை மூடி, மூடியில் நாலு துளை போட்டு, ஒரு மாதம் காத்திருந்து, வந்த படிகத்தைப் பொடியாக்கி, கே.டி.பி. என்ற பழகிய படிகத்தோடு ஒப்பிட்டு எஸ்.எச்.ஜி. (பாதி அலைநீள ஒளி உண்டாக்குவது) மதிப்பு வாங்குவது. முதுகலையில் நானும் அதைத்தான் செய்தேன். பிஎச்.டி.க்குச் சேர்ந்தபோது தலைப்பு பாலிமர் படலம் என்று மாறியது. படிகத்தைவிடச் சுலபம், கரைசலை ஊற்றித் தட்டைச் சுழற்றி ஸ்பின் செய்தால் படலம் வந்துவிடும் என்று நினைத்தேன். படலம் முதல் நாளே வந்தது. நம்பக்கூடிய முதல் சிக்னல் வரப் பதினான்கு மாதம் ஆனது.

அந்தப் பதினான்கில் பத்து மாதமாவது வீண். வரிசை மாற்றிச் செய்ததால் போனது கொஞ்சம், சரிபார்க்காமல் சந்தோஷப்பட்டதால் போனது மிச்சம். உங்களுக்கு அது வேண்டாம்.

வேலை என்னவென்று ஒரு வரியில்: ஒரு முனையில் எலக்ட்ரானைக் கொடுக்கும் தொகுதி, மறுமுனையில் இழுக்கும் தொகுதி என்று அமைந்த நீள மூலக்கூறுகளைப் பாலிமரில் கலந்து, சூடாக்கி, மின்புலம் கொடுத்து ஒரே திசையில் நிமிர வைத்து, அப்படியே குளிரவைத்து உறைய விடுகிறோம். இந்த நிமிர்த்தலுக்குப் பெயர் போலிங். நிமிர்ந்து நின்றால் உள்ளே போகும் ஒளியின் ஒரு பகுதி பாதி அலைநீளத்தில் வெளியே வரும். தாறுமாறாகக் கிடந்தால் ஒன்றும் வராது. அந்தப் படலத்தையே ஒளி உள்ளே நெடுக ஓடும் பாதையாக, அதாவது வேவ்கைடாக, ஆக்குவதுதான் இலக்கு. கீழே எல்லாவற்றையும் டி.ஆர்.1 சாயம், பி.எம்.எம்.ஏ. (அக்ரிலிக்) பாலிமர் என்ற ஜோடியை வைத்தே சொல்கிறேன். சிறந்த ஜோடி இதுவல்ல. ஆனால் டி.ஆர்.1 என்கிற டிஸ்பர்ஸ் ரெட் 1 துணிச் சாயம் என்பதால் கிடைக்கும், கை பழகும்.

1. எதையும் வாங்கும் முன் அலைநீளத்தை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது 1064 நானோமீட்டர் எண்டி-யாக் லேசர். அது இருக்கிறது, அதனால் 1064-ஐ 532 ஆக்குவோம் என்று எல்லோரும் அங்கேயே தொடங்குகிறார்கள். நானும் தொடங்கினேன். பச்சை ஒளி கண்ணுக்குத் தெரியும் என்ற ஆசை வேறு.

சிக்கல் இதுதான். டி.ஆர்.1-இன் உறிஞ்சல் உச்சி 490 நானோமீட்டர் பக்கம். 532 அதன் சரிவிலேயே இருக்கிறது. 10 சதவீதம் சாயம் கலந்த படலத்தில் உச்சி அலைநீளத்தில் ஒரு மைக்ரான் தடிமனைக் கடப்பதற்குள்ளேயே ஒளி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். 532-இல் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு சென்டிமீட்டர் வேவ்கைடு என்பது பத்தாயிரம் மைக்ரான். உள்ளே உண்டாகும் பச்சை ஒளியை உண்டாக்கிய மூலக்கூறுகளே குடித்துவிடும்.

இதில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. உறிஞ்சலுக்கு அருகில் எஸ்.எச்.ஜி. குணகம் பெரிதாகத் தெரியும். 1064-இல் அளந்த எண்ணைப் பார்த்து லித்தியம் நையோபேட் படிகத்துக்குப் போட்டி என்று எழுதத் தோன்றும். அதே படலத்தை 1550-இல் அளந்தால் எண் இறங்கிவிடும்.

ஆகவே என் பரிந்துரை: போலிங் நன்றாக நடந்ததா என்று பார்க்க மட்டும் 1064. வேவ்கைடுக்கு 1550-இலிருந்து 775. 775-இல் டி.ஆர்.1 கிட்டத்தட்டத் தெளிவு. இன்னொரு வசதியும் இருக்கிறது. சிலிக்கான் டிடெக்டருக்கு 1550 தெரியவே தெரியாது, 775 நன்றாகத் தெரியும். ஃபில்டருக்குச் செலவிடும் காசில் பாதி மிச்சம். 1550 லேசரும் அதற்கான ஃபைபர் ஆம்ப்ளிஃபயரும் உங்கள் கல்லூரியின் தகவல்தொடர்புத் துறையில் தூங்கிக்கொண்டிருக்கலாம். போய்க் கேளுங்கள்.

அதிகபட்சத் திறனோடு மாற்றுவது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், சீரிடைவெளியில் போலிங் செய்த லித்தியம் நையோபேட்டை வாங்கிவிடுங்கள். அதன் குணகம் 27 பிக்கோமீட்டர்/வோல்ட் பக்கம், நாள்பட்டாலும் தேயாது. பாலிமரின் அருமை வேறு இடத்தில்: எந்தத் தளத்திலும் தடவலாம், மூலக்கூறை மாற்றிக்கொண்டே போகலாம்.

2. தாள்களும் காசும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். என் தாமதத்தில் பாதி இங்கேதான்.

சாயமும் பி.எம்.எம்.ஏ.வும் மலிவு, உள்ளூர் விற்பனையாளரிடம் சொல்லி வைத்தால் வரும். பி.எம்.எம்.ஏ. வாங்கும்போது மூலக்கூறு எடையைக் குறிப்பிடாமல் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். 15,000-இலிருந்து பத்து லட்சம் வரை விற்கிறார்கள். ஸ்பின் செய்ய 1,20,000 பக்கம் இருப்பது வசதி. சாயத்தின் புட்டியில் 95 சதவீதம் என்று போட்டிருந்தால் மிச்சம் 5 சதவீதம் என்னவென்று யோசியுங்கள். உப்பு அயனிகள் இருந்தால் போலிங்கில் மின்னோட்டம் ஓடி மின்புலம் சரியும். அனாலிசிஸ் சர்டிஃபிகேட், சேஃப்டி டேட்டா ஷீட் இரண்டையும் பொருளோடு சேர்த்தே கேளுங்கள். பிறகு கேட்டால் வராது.

சாயத்தைப் பாலிமர்ச் சங்கிலியிலேயே கோத்த கோபாலிமர் தயாராகவும் கிடைக்கிறது. விலை கிராம் கணக்கில். அந்த ஒரு கிராமின் விலையில் சாயத்தையும் பி.எம்.எம்.ஏ.வையும் வருடம் முழுவதற்கும் வாங்கிவிடலாம். எனக்கு வந்து சேர ஒன்பது வாரம் ஆனது. அதனால் இன்றே ஆர்டர் போடுங்கள், ஆனால் வந்ததும் தொடாதீர்கள். கை பழகும் வரை சும்மா கலந்த கலவையில் செய்யுங்கள்.

போலிங்குக்கான உயர் மின்னழுத்த டி.சி. சப்ளைதான் உண்மையான செலவு. 10 கிலோவோல்ட் வரை போக வேண்டும், ஆனால் மின்னோட்டம் மைக்ரோஆம்பியரில் நிற்கும்படி வரம்பு வைக்கும் வசதி கட்டாயம். கரண்ட் லிமிட் இல்லாத மலிவு சப்ளை வாங்கினால் முதல் தீப்பொறியில் படலம் போகும், உங்கள் அதிர்ஷ்டம் மோசமாக இருந்தால் நீங்களும்.

அரசு நிதியில் வாங்குபவர்கள் கவனிக்க:

ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் அந்தப் பொருள் இல்லை என்ற அறிக்கையை எடுத்து வையுங்கள். வெளியே வாங்கும்போது அதைக் கேட்கலாம். தேதி பழையதாகிவிட்டால் கொள்முதல் பிரிவு திருப்பி அனுப்பும். கொட்டேஷன்கள் கையில் வந்த வாரத்திலேயே எடுப்பது நல்லது.

ஒரே நிறுவனம்தான் செய்கிறது என்றால் புரொப்ரைட்டரி சான்றிதழ் தேவை. நிறுவனத்தின் கடிதம் மட்டும் போதாது. ஏன் வேறு எதுவும் ஆகாது என்று உங்கள் கைடு கையெழுத்திட்ட தொழில்நுட்பக் காரணமும் வேண்டும். என் கோப்பு இதற்காகவே இரண்டு முறை திரும்பி வந்தது.

பட்ஜெட்டில் வரியைச் சரியாகப் போடுங்கள். ஆய்வு நிறுவனங்களுக்கு அறிவியல் கருவிகள் மீது இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலையில் போய்விட்டது. பழைய சீனியரின் கணக்கைப் பார்த்துக் காப்பியடித்தால் பில் வரும்போது கையைக் கடிக்கும்.

டி.எஸ்.சி. (பொருள் இளகும் வெப்பநிலையைக் காட்டுவது) போன்ற அளவீடுகளுக்குக் கருவி இல்லையென்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சைஃப் என்ற பொதுக் கருவி மையத்துக்கு அனுப்பலாம். கைடு கடிதமும் கட்டணமும் முன்கூட்டியே. லித்தோகிராஃபி, எட்சிங் என்று தூசியில்லாச் சுத்த அறை வேலைகள் தேவைப்பட்டால் ஐ.ஐ.எஸ்.சி., ஐ.ஐ.டி. பம்பாய், ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்ற இடங்களில் நடக்கும் ஐ.என்.யூ.பி. என்ற நானோ மின்னணுவியல் பயனர் திட்டத்தைப் பாருங்கள். வெளி மாணவர்களுக்காகவே இருப்பது. முதலில் பயிற்சிப் பட்டறை, அப்புறம் திட்ட முன்மொழிவு. முன்மொழிவில் உங்கள் பாலிமர், கரைப்பான் பெயர்களைத் தெளிவாக எழுதுங்கள். சுத்த அறைக்காரர்களுக்குத் தெரியாத வேதிப்பொருள் என்றாலே பயம், நியாயமான பயம்.

3. கரைசல்

பி.எம்.எம்.ஏ. 1 கிராம், சாயம் 100 மில்லிகிராம், கரைப்பானாகச் சைக்ளோபென்டனோன் 8 மில்லிலிட்டர். மூடிய புட்டியில் இரவு முழுவதும் மெதுவாகக் கிளறவிடுங்கள். சாயத்தை 15 சதவீதத்துக்கு மேல் ஏற்ற ஆசைப்படாதீர்கள். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழுவாகும், படலத்தில் மைக்ரோஸ்கோப்பில் ஊசி ஊசியாகத் தெரியும்.

குளோரோஃபார்மும் டி.எச்.எஃப்.பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வேண்டாம். சுற்றும்போதே ஆவியாகி ஆரஞ்சுத் தோல் மாதிரிப் படலம் வரும்.

பிறகு 0.2 மைக்ரான் வடிகட்டி. டெஃப்லான் சவ்வாக இருக்க வேண்டும். செல்லுலோஸ் சவ்வை இந்தக் கரைப்பான் கரைத்து, வடிகட்டியும் கரைசலோடு சேர்ந்து வந்துவிடும். சிரிஞ்சும் கண்ணாடியில். மருந்துக்கடை பிளாஸ்டிக் சிரிஞ்சின் கறுப்பு ரப்பர் ஊறிப் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ஒருமுறை பலத்தைக் காட்டித் தள்ளினேன். வடிகட்டி பிய்த்துக்கொண்டு போய், சிவப்புச் சாயம் என் சட்டையிலும் கைடு மேசையிலும். துணிச் சாயம் என்று சொன்னேன் அல்லவா, அது துணியைவிட்டுப் போகாது.

4. படலம்

தடிமன் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் சுற்ற வேண்டும். 1550-க்கு, பி.கே.7 கண்ணாடி மேல், படலத்தின் ஒளிவிலகல் எண் 1.53 என்று வைத்துக்கொள்வோம். 1.2 மைக்ரானுக்குக் கீழே போனால் ஒளி உள்ளே நிற்கவே நிற்காது. 3.8 தாண்டினால் இரண்டாவது மோடு (ஒளி உள்ளே ஓடும் இன்னொரு வடிவம்) நுழையும். இடையில் 1.5 முதல் 2 வரை வசதி. படலத்தின் எண்ணை நூலில் பார்த்து எடுக்காதீர்கள். சாயம் குறைந்தால் எண் இறங்கும், மேலே சொன்ன 10 சதவீதக் கலவையிலேயே கண்ணாடியின் எண்ணுக்கு அருகில் போய் நின்றுவிடலாம், அப்படியானால் வேவ்கைடே உருவாகாது. அப்போது உருக்கிய சிலிக்கா தளத்துக்கு மாறுங்கள், அதன் எண் 1550-இல் 1.444தான். எலிப்சோமீட்டரிலோ பிரிசம் கப்ளரிலோ உங்கள் படலத்தையே அளந்துவிடுங்கள்.

மேலே சொன்ன கரைசலை நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓட்டினால் ஒன்றிரண்டு மைக்ரானுக்குள் எங்கோ வரும். சுற்று வேகம் மாற்றி நாலு படலம் போட்டு, பிளேடால் கீறி, புரொஃபைலோமீட்டரில் தடிமன் எடுத்து, ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலை, வருடக்கணக்கில் உதவும். அதோடு அரை மைக்ரான் அளவில் மெல்லிய படலம் சிலவற்றையும் போட்டு வையுங்கள். ஏன் என்று ஆறாவது படியில் தெரியும்.

உலர்த்துவதில் அவசரம் வேண்டாம். சைக்ளோபென்டனோனின் கொதிநிலை 131 டிகிரி, படலம் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். அதனால் வெற்றிட அவனில் 70–80 டிகிரியில் ஒரு இரவு, முடிந்தால் ஒன்றரை நாள். கரைப்பான் மிச்சமிருந்தால் போலிங்கில் படலத்தில் ஊசித் துளை விழுந்து தீப்பொறி பாயும். கண்ணுக்கு நன்றாகக் காய்ந்த மாதிரிதான் இருக்கும், நம்பாதீர்கள்.

ஐ.டி.ஓ. என்ற ஒளி ஊடுருவும் மின்கடத்தி பூசிய கண்ணாடி பற்றி ஒரு எச்சரிக்கை. போலிங்குக்கு அது வசதியான கீழ் மின்முனை. ஆனால் வேவ்கைடு படலத்துக்கு நேர் கீழே ஐ.டி.ஓ. இருந்தால் ஒளியை அது இழுத்துக்கொள்ளும். பழகுவதற்கும் 1064 சோதனைக்கும் ஐ.டி.ஓ., வேவ்கைடுக்கு வெறும் கண்ணாடி, அல்லது நடுவே போதிய தடிமனில் ஒரு கிளாடிங், அதாவது ஒளியைப் படலத்துக்குள் நிறுத்தும் குறைந்த ஒளிவிலகல் எண் கொண்ட இடைப்படலம். கிளாடிங் எதுவானாலும் மேலே ஊற்றும் கரைப்பான் கீழுள்ளதைக் கரைக்கக் கூடாது. புற ஊதாவில் இறுகும் பிசின் வகைகள் இதற்கு நல்லது.

5. போலிங்

பி.எம்.எம்.ஏ.வின் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை 105 டிகிரி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் போலிங் செய்யாதீர்கள். சாயம் கலந்ததும் பல டிகிரி இறங்கும். ஐந்தாறு மில்லிகிராம் படலத்தைச் சுரண்டி டி.எஸ்.சி. எடுத்து, உங்கள் எண்ணை அறிந்துகொள்ளுங்கள்.

ஏற்பாடு எளிது: பூமியோடு இணைத்த ஹாட் பிளேட், அதன் மேல் படலம், ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் டங்ஸ்டன் ஊசி. அந்த வெப்பநிலைக்கு ஏற்றி, 5 கிலோவோல்ட் கொடுத்து, இருபது முப்பது நிமிடம் வையுங்கள். பிறகு மின்னழுத்தத்தை நிறுத்தாமல் சூட்டை மட்டும் நிறுத்தி, அறை வெப்பநிலை வரை குளிரவிட்டு, அப்புறம்தான் சப்ளையை அணைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் மூலக்கூறுகள் நிமிர்ந்து, இளகி, திரும்பப் படுத்துவிடும். முன்னூறு டிகிரி சூளையா என்ன, குளிர அரை மணிதானே என்று டீ குடிக்கப் போன நேரத்தில் மின்சாரம் போய்வந்து, சப்ளை அணைந்தே கிடந்தது எனக்கு நடந்திருக்கிறது. அன்றைய தாளில் எல்லாம் சரி என்று எழுதியும் வைத்திருந்தேன். யூ.பி.எஸ். போடுங்கள்.

பாதுகாப்பு: ஊசிக்குத் தொடராக நூறு மெகா ஓம் அளவில் ரெசிஸ்டர். அணைத்த பிறகும் பூமிக் கம்பியால் தொட்டு மின்னேற்றத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். ஊசி முனையில் எழும் கொரோனா மின்னிறக்கம் காற்றில் ஓசோன் உண்டாக்கும், எக்ஸாஸ்ட் கட்டாயம். அந்த ஓசோன் சாயத்தையும் படலத்தின் மேல்பரப்பையும் அரிக்கும். நைட்ரஜன் ஓட்டத்தில் செய்தால் மேற்பரப்பு நன்றாக வரும், வேவ்கைடில் சிதறலும் குறையும்.

6. நிமிர்ந்ததா, ஓடிப்போனதா?

இந்தப் படிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மூலக்கூறுகள் படலத்துக்குச் செங்குத்தாக நிமிர்ந்தால், நேராக விழும் ஒளியைக் குறைவாக உறிஞ்சும். எனவே போலிங்குக்கு முன்னும் பின்னும் யூ.வி.-விசிபிள் உறிஞ்சல் நிறமாலை எடுத்து, பின்னதை முன்னதால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் ஒழுங்கின் அளவு. எல்லாக் கட்டுரையிலும் இருக்கும் சூத்திரம். முதல் பொறி: இரண்டு மைக்ரான் படலத்தில் உச்சியில் உறிஞ்சல் இரண்டைத் தாண்டும், அங்கே கருவியின் எண்ணுக்கு மதிப்பில்லை. மெல்லிய படலம் போட்டு வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

என் நோட்டில் அந்த நாள் இன்னும் இருக்கிறது. முன் 0.92, பின் 0.61. ஒழுங்கின் அளவு 0.34. பேனாவால் இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. கைடிடம் காட்டினேன், மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதச் சொன்னார். பக்கத்து லேபில் பாலிமர் செய்துகொண்டிருந்த அக்கா நிறமாலையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஃபீல்டு போடாம சும்மா சூடு பண்ணிப் பார்த்தியா தம்பி?"

பார்க்கவில்லை. மறுநாள் அதே தொகுதியிலிருந்து இன்னொரு படலத்தை எடுத்து, அதே வெப்பநிலை, அதே அரை மணி நேரம், மின்னழுத்தம் சுழி. 0.92-இலிருந்து 0.66. மின்புலமே இல்லாமல். சேம்பர் மூடியின் உள்பக்கத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த டிஷ்யூவால் துடைத்தேன். டிஷ்யூ ஆரஞ்சாக வந்தது. சாயம் நிமிரவில்லை, ஆவியாகி மூடிக்குப் போயிருந்தது. என் படலத்தில் மிஞ்சிய ஒழுங்கு கொசுறு அளவுதான்.

ஆகவே எண்ணை நம்பும் முன் மூன்று சோதனை:

மின்புலம் இல்லாமல் சூடாக்கிய துணைப் படலம் ஒன்று, ஒவ்வொரு தொகுதியிலும்.

போலிங் ஆன படலத்தை எல்லா அளவீடும் முடிந்த பிறகு, மின்புலமின்றி மறுபடி சூடாக்குங்கள். உறிஞ்சல் பழைய இடத்துக்கு ஏறினால் குறைந்தது நிமிர்ந்ததால்தான். ஏறவில்லை என்றால் சாயம் போய்விட்டது, அல்லது வெளுத்துவிட்டது.

படலத்தைச் சாய்த்து, தளமுனைவு ஒளியில் நிறமாலை எடுங்கள். நிமிர்ந்திருந்தால் சாய்க்கச் சாய்க்க ஒரு முனைவில் உறிஞ்சல் கூடும். ஓடிப்போன சாயம் எந்தக் கோணத்திலும் திரும்பி வராது.

கோபாலிமரில் சாயம் சங்கிலியோடு பிணைந்திருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. காசு கூடுதலாகக் கொடுப்பது இதற்கும்தான்.

7. லேசர் மேசை

முதலில் தேதி. கலவைப் படலத்தில் ஒழுங்கு அறை வெப்பநிலையிலேயே தேயும், முதல் சில நாட்களில் வேகமாக. லேசர் வேறு துறையில், நேரம் அடுத்த வியாழன் என்றால் போலிங்கை வியாழன் காலையில் வையுங்கள். திங்கள் ஸ்பின், செவ்வாய் முழுக்க உலர்த்தல், புதன் நிறமாலை, வியாழன் காலை போலிங், மதியம் லேசர். நான் வெள்ளிக்கிழமை போலிங் செய்து அடுத்த வியாழன் அளந்து, சிக்னல் இல்லையென்று வேதியியலைச் சந்தேகப்பட்டேன். வழியில் வெளிச்சமும் பகை. டி.ஆர்.1 போன்ற அசோ சாயம் நீல, பச்சை ஒளி பட்டால் வளைந்து நிமிர்ந்து திசை மறந்துவிடும். படலத்தை அலுமினிய ஃபாயிலில் சுற்றியே எடுத்துப் போங்கள்.

இங்கே செய்வது 1064 சோதனை. நேராக விழும் ஒளியில் சிக்னல் தேடாதீர்கள், வராது. வலுவான குணகம் படலத்துக்குச் செங்குத்துத் திசையில் இருக்கிறது. ஒளியின் மின்புலத்துக்கும் அந்தத் திசையில் ஒரு கூறு வேண்டும். பி-முனைவு (மின்புலம் ஒளி விழும் தளத்திலேயே இருப்பது), 45 முதல் 60 டிகிரிச் சாய்வு. சாய்வைச் சுழிக்குக் கொண்டுவந்தால் சிக்னல் மறைய வேண்டும். மறையவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது வேறு எதையோ.

அந்த வேறு எதுவாகவெல்லாம் இருக்கலாம்? ஃபிளாஷ்லாம்ப் வெளிச்சம், லேசருக்குள்ளேயே மிச்சமிருக்கும் 532, ஐ.டி.ஓ.வின் சொந்தச் சிக்னல், இரண்டு ஃபோட்டான் ஒளிர்வு. மாதிரிக்கு முன்னால் 850-க்கு மேல் மட்டும் விடும் கண்ணாடி, பின்னால் 1064-ஐத் தடுக்கும் கண்ணாடியும் 532 குறும்பட்டை ஃபில்டரும். ஒளிர்வு விஷயத்தில் பலர் ஏமாறுவது இப்படி: லேசர் ஆற்றலை இரட்டிப்பாக்கினால் சிக்னல் நான்கு மடங்கு, ஆகவே எஸ்.எச்.ஜி. என்கிறார்கள். இரண்டு ஃபோட்டான் ஒளிர்வும் அதே நான்கு மடங்குதான். குறும்பட்டை ஃபில்டரை எடுத்து 570 பக்கம் உள்ளதைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் சிக்னல் இருந்தால் ஒளிர்வு. போலிங் செய்யாத படலம், வெறும் ஐ.டி.ஓ. கண்ணாடி இரண்டையும் அதே சாய்வில் அளந்து எழுதிவிடுங்கள்.

போலிங் ஆன உடனே வரும் சிக்னல் கொஞ்சம் ஊதிப்போனது. மேற்பரப்பில் தங்கிய மின்னேற்றமும் அதில் பங்கு கொள்ளும். அன்றும் அளந்து, மறுநாளும் அளந்து, இரண்டையும் எழுதுங்கள்.

குவார்ட்ஸோடு ஒப்பிட்டுக் குணகம் சொல்லும்போது குவார்ட்ஸுக்கு என்ன மதிப்பு எடுத்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். பழைய கட்டுரைகள் 0.5 பிக்கோமீட்டர்/வோல்ட், இப்போது ஏற்பது 0.3. இதைப் பார்க்காமல் பழைய கட்டுரையோடு உங்கள் எண்ணை வைத்தால், அவர்கள் படலம் உங்களுடையதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நன்றாக இருந்ததாகத் தோன்றும்.

கண்ணாடி: 1064-க்கும் 532-க்கும் சேர்த்துக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. 1064 தெரியாது என்பதுதான் அதன் ஆபத்து.

8. வேவ்கைடுக்குள்

டி.எம். மோடில், அதாவது மின்புலம் படலத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி, ஒளியைச் செலுத்துங்கள். டி.இ.-யில் செலுத்தினால் மின்புலம் படலத்தின் தளத்திலேயே கிடக்கும், பெரிய குணகம் கைக்கு வராது.

ஒளி உள்ளே போகிறதா என்று பார்க்கச் சிவப்பு ஹீலியம்-நியான் லேசரை எடுக்காதீர்கள். சாயத்தின் உறிஞ்சல் வால் 633 வரைக்கும் நீளும், கோடு சில மில்லிமீட்டரில் மங்கி மறையும், வேவ்கைடு மோசம் என்று நினைத்துப் படலங்களைத் தூக்கிப் போடுவீர்கள். 980 அல்லது 1550, கையில் ஐ.ஆர். கார்டு. 1550-இல் பி.எம்.எம்.ஏ.வின் கார்பன்-ஹைட்ரஜன் அதிர்வுகளே சென்டிமீட்டருக்கு ஒரு டெசிபல் அளவில் தின்னும். அது பாலிமரின் குணம், உங்கள் தவறல்ல.

பிரிசம் வழியாகச் செலுத்துவது புதியவர்களுக்கு நல்லது. முனை வழியாகச் செலுத்த முனை சுத்தமாக உடைய வேண்டும். கண்ணாடித் தளத்தில் அது அமையாது, ஆக்சைடு பூசிய சிலிக்கான் வேஃபரைப் பின்பக்கம் கீறி உடைத்தால் ஓரளவு அமையும்.

இப்போது கட்டப் பொருத்தம். 1550-இன் வேகமும் 775-இன் வேகமும் ஒன்றாக இருந்தால்தான் வழி நெடுக உண்டாகும் ஒளி கூடிக்கொண்டே போகும். இல்லையென்றால் சில மைக்ரானுக்கு ஒருமுறை கூட்டியதைக் கழித்துவிடும். இரண்டு அலைநீளங்களின் ஒளிவிலகல் எண்களுக்கும் வித்தியாசம் 0.04 என்றால் 10 மைக்ரானுக்குள் திரும்பிவிடும்.

தொடங்குவதற்குச் செரன்கோவ் வழிதான் நல்லது. எதையும் செதுக்க வேண்டாம். 775 ஒளி படலத்துக்குள் நிற்காமல் சில டிகிரிக் கோணத்தில் கண்ணாடிக்குள் இறங்கிப் போகும், பொருத்தம் தானாக அமையும். நிபந்தனை ஒன்றுதான்: 1550 மோடின் எண், 775-இல் கண்ணாடியின் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பி.கே.7-க்கு 1550-இல் 1.501, 775-இல் 1.511. அந்த 0.01 இடைவெளிக்குள் மோடு விழ வேண்டும். படலத்தின் எண் 1.53 என்றால் 1.2-இலிருந்து 2.2 மைக்ரான் வரை விழும். நாலாவது படியில் 1.5 முதல் 2 என்று சொன்ன கணக்கு இதிலிருந்துதான். உருக்கிய சிலிக்காவுக்கு மாறியவர்கள் கணக்கை மறுபடி போட வேண்டும். திறன் குறைவு, வெளியே வரும் ஒளி பிறை வடிவில் இருக்கும், ஃபைபரில் பிடிப்பது சிரமம். ஆனால் உங்கள் படலம் வேலை செய்கிறது என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது, 1550-ஐ முதல் மோடிலும் 775-ஐ உயர் மோடிலும் ஓடவிட்டு வேகத்தைச் சமமாக்குவது. காகிதத்தில் அழகு. நடைமுறையில் உயர் மோடின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் எதிரெதிர்க் குறியில் இருப்பதால் ஒன்றையொன்று அடித்துவிடும். பாதித் தடிமனுக்கு மட்டும் சாயம் போட்ட இரட்டைப் படலம் வேண்டும். தடிமனில் சில பத்து நானோமீட்டர் பிசகினாலும் பொருத்தம் போய்விடும். ஆறு மாதம் இதில் விட்டேன், திரும்ப எடுக்கவில்லை.

மூன்றாவது, சீரிடைவெளியில் ஓரிடம் நிமிர்ந்தும் அடுத்த இடம் படுத்தும் இருக்கும்படி செய்வது. 0.04 வித்தியாசத்துக்கு ஒரு முழு இடைவெளி 19 மைக்ரான் பக்கம், மாஸ்க் செய்யச் சுலபமான அளவு. மின்முனையைப் பல்லுப்பல்லாக வெட்டிப் போலிங் செய்யலாம். அல்லது மொத்தப் படலத்தையும் போலிங் செய்துவிட்டு, மாஸ்க் வைத்துப் புற ஊதாவில் இடம்விட்டு இடம் சாயத்தை வெளுக்கலாம். இரண்டாவது வழி நம் ஆய்வகங்களுக்குத் தோது, குரோம் மாஸ்க் ஒன்றுதான் செலவு. வெளுத்த இடத்தில் ஒளிவிலகல் எண்ணும் இறங்கும் என்பதை மட்டும் கணக்கில் சேருங்கள். மாஸ்க்கை 17, 18, 19, 20, 21 என்று ஐந்து இடைவெளிகளோடு வரையுங்கள். ஒரே இடைவெளியில் வரைந்து வாங்கினால், எண் கொஞ்சம் தப்பியிருந்தாலும் இன்னொரு மாஸ்க், இன்னொரு கொட்டேஷன், இன்னொரு ஜெம் அறிக்கை.

முடிந்த படலங்களை ஃபாயில் சுற்றி ஃபிரிட்ஜில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஃபாயில் மேல் போலிங் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள், வெளியே எடுத்த ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும், பாலிஸ்டைரீன் பெட்ரி டிஷ்ஷில் அல்ல. கரைப்பான் வாடை மிச்சமிருந்தால் டிஷ்ஷும் படலமும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கண்ணாடி உடையும்.